ஒப்பீட்டு நெறியும் கதிர் மருத்துவமும்

இரு நூல்களை ஒப்பிடப் புகுவோர், அவை ஒரே பொருளைப் பற்றியனவா என்று முதற்கண் ஆராய்வர். மருத்துவ ஆய்வுக்கும் இந்நெறி இன்றியமையாதது. தொடக்கநிலைக் கல்லீரல் புற்றுக்கான கதிர் மருத்துவம் பற்றிய ஆய்வுகள் இதற்குத் தக்க சான்றாகும்.

அறுவை மருத்துவமோ கல்லீரல் மாற்றமோ இயலாதவர்க்கு, ஊசி செலுத்தி மின்வெப்பத்தால் கட்டியைச் சுடும் முறை பல்லாண்டுகளாக வழக்கிலுள்ளது. கதிர் மருத்துவமோ மூவகைப்படும். எக்ஸ் கதிர்களைப் பல திசைகளினின்றும் குவித்துச் சில அமர்வுகளில் முடிப்பது ஒன்று. குறித்த ஆழத்தில் ஆற்றலை இறக்கி நின்றுவிடும் புரோட்டான் துகள்களைச் செலுத்துவது மற்றொன்று. இட்ரியம்-90 ஏந்திய நுண்மணிகளைக் கல்லீரல் தமனிவழி அனுப்புவது மூன்றாவது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2016இல் 224 நோயாளர்தம் பதிவுகளை ஆராய்ந்தனர். 2 செ.மீ.க்குக் குறையாத கட்டிகளைக் கட்டுப்படுத்துவதில், குவித்த எக்ஸ் கதிரே மேம்பட்டதென்றனர். 2018இல் அந்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டைக் கொண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வோ, ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் ஊசி முறையில் 29.8 விழுக்காடு, கதிர் முறையில் 19.3 விழுக்காடு என்றது.

இவற்றுள் எது மெய்? வினாவே பிழையானது. முன்னது, கட்டி அடங்கியதா என்று வினவியது. பின்னது, நோயாளர் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்று வினவியது. இந்நோயாளர் பலருக்குக் கல்லீரல் முன்னரே வடுப்பட்டு இறுகியிருக்கும். கட்டி அடங்கினும் அவ்வீரலே உயிரைக் கவரக்கூடும். ஊசிக்குத் தகாதவரே பெரும்பாலும் கதிருக்கு அனுப்பப்பட்டனர். கல்லீரலின் செயல்திறனையோ அப்பதிவேடு முழுமையாகக் காட்டவில்லை. வலியாரையும் மெலியாரையும் ஓட்டப்பந்தயத்தில் நிறுத்திப் பயிற்சியைப் பழிப்பது போன்றதே இது.

இக்குறையை நீக்குவது, சீட்டுக் குலுக்கினாற்போல் நோயாளரைப் பிரித்து நடத்தும் ஆய்வு. தென்கொரியாவில் 144 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஈராண்டுகளில் சிகிச்சை பெற்ற கட்டி வளராதிருந்தோர் புரோட்டானில் 92.8 விழுக்காடு, ஊசியில் 83.2 விழுக்காடு. சீனத்தில் 166 பேரிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், எக்ஸ் கதிரில் 92.7, ஊசியில் 75.8. உயிர்வாழ்வில் இரண்டிலும் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை.

92.8, 92.7 என்பவற்றை அருகருகே வைத்து, புரோட்டானும் எக்ஸ் கதிரும் ஒன்றே என முடிவுகட்டுதல் தவறு. இரண்டும் வெவ்வேறு நோயாளரிடம் பெற்ற எண்கள். அன்றியும், சிகிச்சைக்குப் பின் மீண்டும் தோன்றிய கட்டிகளையே இவை பெரும்பாலும் ஆராய்ந்தன. முதன்முறை தோன்றும் கட்டிக்கு இம்முடிவை அப்படியே ஏற்றுதல் மிகை. 2021இல் வெளியான இட்ரியம் ஆய்வில், 162 பேருள் 88.3 விழுக்காட்டினர்க்குக் கட்டி சுருங்கியது அல்லது மறைந்தது. ஆயினும் அதில் ஒப்பிடுதற்கு வேறொரு பிரிவே இல்லை. அது நற்செய்தி, ஒப்பீடன்று.

மருத்துவர் கூறும் ஓர் எண்ணை நம்பியே ஒரு குடும்பம் முடிவெடுக்கிறது. அவ்வெண் யாரிடம் பெற்றது, எதனோடு ஒப்பிட்டது, எதனை அளந்தது என்று கேட்டறிதல் அவர்தம் உரிமை. அதனை மறையாது விளக்குதல் ஆய்வாளர் கடன்.