அது வேறை

ஜனாஸா எரிப்பை வைத்து நம்மவர்கள் எழுதிய கவிதைகளையும் சிறுகதைகளையும் அண்மையில் ஒருசேர வாசிக்க நேர்ந்தது. அவற்றிலுள்ள துயரத்தில் பொய்யில்லை. பிறந்து இருபது நாளான குழந்தையை, பெற்றோரின் மறுப்பையும் மீறி 2020 டிசம்பரில் எரித்த நாடு இது. அதை எழுதும்போது கை நடுங்காவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் வாசித்து முடித்ததும் மனதில் ஒரு குறை தங்கிவிட்டது. இவ்வாக்கங்களில் வருகின்ற அதிகாரியும் வைத்தியரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே அச்சில் வார்த்தெடுக்கப்பட்டவர்கள். ஒன்றில் மடையர், அல்லது கொடியவர். புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று ஒருவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம், அப்படி நம்பியவர் நமக்குச் சோறு போட்டவராகவும் இருந்திருக்கலாம் என்ற இடத்தை நான் வாசித்தவற்றில் எதுவும் தொடவில்லை. கதை தொடங்க வேண்டிய இடமே அதுதான் என்பது என் எண்ணம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து என் வாப்பா சைக்கிளில் பிடவை மூட்டை கட்டிக்கொண்டு தீவகத்துக்குப் போவார். பண்ணைத் தாம்போதி தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை என்று விற்றுக்கொண்டு போய், மதியம் புளியங்கூடலில் ஒரு வீட்டில் சாப்பிட்டு, திண்ணையில் ளுஹர் தொழுதுவிட்டு ஊர்காவற்றுறைப் பக்கம் போவது வழக்கம். அந்த வீட்டுக்காரரை நான் பெரியையா என்று அழைத்தே பழகியவன். 1990 ஓகஸ்டில் தீவகத்தை இராணுவம் கைப்பற்றியபோது அவர் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துக்கு ஓடி வந்து எங்கள் வீட்டில் சில நாள் தங்கினார். ஒக்டோபர் 30ஆம் திகதி எங்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். வாப்பா புத்தளத்தில் மௌத்தானார். பெரியையா பிறகு தன் ஊருக்குத் திரும்பினார்.

2022இல் அவரைப் பார்க்கப் போனேன். கிணற்றடியில் கதிரை போட்டு இருந்தோம். தீவகத்துக் கிணறுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே, உப்புத் தண்ணீருக்கு மேலே, மெல்லிய படையாக மிதக்கின்ற நல்ல தண்ணீர் அது. கொஞ்சம் கூடுதலாக இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறிவிடும். ஒரு வளவில் தேங்காய்ப்பால் போல இனிக்கும், வேலிக்கு அப்பால் வாயில் வைக்க இயலாது. எழுபது வருடமாக அந்தத் தண்ணீரை நாக்கினால் அளந்து வாழ்ந்தவர் எரிப்பு விவகாரத்தைப் பற்றி இப்படிச் சொன்னார்:

"உதெல்லாம் விசர்க்கதை, தம்பி. சவம் புதைச்சுக் கிணறு கெடுமெண்டால் ஊர்காத்துறையிலை ஒரு கிணத்துத் தண்ணியும் குடிச்சிருக்கேலாது. வேதக்காரர் எத்தினை தலைமுறையாப் புதைக்கினம்?"

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே புதைக்கலாம் என்று சொல்லியிருந்தது. கொழும்பிலிருந்த குழுவொன்று அதை ஏற்காமல் பல மாதம் இழுத்தடித்தது. கடைசியில் 2021 பெப்ரவரியில் வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச்சில் முதலில் இரணைதீவைக் காட்டி, அங்குள்ள மக்கள் எதிர்த்ததும் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோனார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இத்தனைக்கும் பிறகு வந்து சேர்ந்த முடிவை இந்த மனிதர் கிணற்றுக்கட்டில் கை வைத்தபடி ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

தேநீர் வந்தது. குடித்து முடிக்கையில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "குறை நினையாதையும், தம்பி. உந்தக் கொத்து ரொட்டிக்குள்ளை போடுற குளிசை... அது மெய்தானே?"

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடையில் தொடங்கிய கதை அது. சாப்பாட்டில் மலட்டுக் குளிசை என்று கூட்டம் கூடியது, காசாளரை மிரட்டித் தலையாட்ட வைத்து வீடியோ எடுத்தது, பள்ளிவாசலைத் தாக்கியது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்து, அது மாக்கட்டி என்றார். அப்படி நிரந்தரமாக மலடாக்கும் குளிசையே உலகத்தில் இல்லை என்று வைத்திய நிபுணர்கள் சொன்னார்கள். சில நாட்களில் திகனை எரிந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டார். பிறகு சொன்னேன்: "பெரியையா, வாப்பா கொண்டு வந்த தொதலையும் வட்டிலாப்பத்தையும் நீங்கள் எத்தனை வருஷம் சாப்பிட்டிருப்பீங்கள்? உங்களுக்கு ஆறு பிள்ளையள்."

வாய்விட்டுச் சிரித்தார். "அது வேறை, தம்பி. உம்மட வாப்பா வேறை."

இந்த 'அது வேறை'யைத்தான் நம் எழுத்தாளர்கள் எழுதவில்லை என்கிறேன். சான்று அவருக்கு எட்டவில்லை என்று சொல்ல முடியாது. சான்று அவர் வயிற்றுக்குள்ளேயே போயிருக்கிறது, ஆறு பிள்ளைகளாக வளர்ந்தும் நிற்கிறது. அவர் அறிவில் குறைந்தவருமல்லர். தண்ணீர் அவருடைய கைக்குள் இருந்த விடயம், அதில் யாருடைய வார்த்தையும் அவருக்குத் தேவைப்படவில்லை. குளிசை கைக்கு எட்டாத விடயம். கைக்கு எட்டாததை மனிதன் தன் ஆட்களிடமிருந்துதான் கடன் வாங்குகிறான். மகன் கைத்தொலைபேசியில் காட்டினான், மருமகள் ஆசுப்பத்திரியில் கேள்விப்பட்டாள். அவர்களை விட்டு நம்மை நம்புவதென்றால் அவர் தன் வீட்டோடேயே கொஞ்சம் பகைக்க வேண்டும். ஒரு மாக்கட்டிக்காக யார் அப்படிச் செய்வார்?

பொய்ச் செய்திகள் ஏன் நிலைக்கின்றன என்பதற்கு 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் பட்டியலே போட்டிருக்கிறார். இஸ்ரவேலரின் படை ஆறு இலட்சத்துக்கு மேல் என்று மஸ்ஊதி எழுதியதை எடுத்து, அத்தனை பேர் ஒரு களத்தில் எப்படி நிற்க முடியும், ஒரு அணியில் நடப்பது மறு அணிக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். பட்டியலில் முதலாவதாக அவர் வைப்பது சார்பு, கட்சிப்பற்று. ஆனால் உலக நடைமுறையின் இயல்பை அறியாமையே எல்லாவற்றிலும் பெரிய காரணம் என்று பிறகு சொல்கிறார். அவ்வளவு பெரிய அறிஞரோடு முரண்படுவதற்கு எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் அவர் முதலில் எழுதியதே சரியென்று படுகிறது. அறியாமையைப் பாடம் நடத்திப் போக்கலாம். சார்புக்கு எந்த வாத்தியார்?

யாழ்ப்பாணத்துக்கு ஒரு வாத்தியார் வரத்தான் செய்தார். கேரளத்துத் திருவல்லையில் 1898இல் பிறந்த ஆபிரகாம் கோவூர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும் வரைக்கும் எவரும் அதை வெல்லவில்லை. கல்கத்தாவில் படித்த காலத்தில் ஊராருக்குக் கங்கைத் தீர்த்தமென்று ஒரு புகையிரத நிலையக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்ததாகவும், அதனால் நோய் தீர்ந்ததென்று அவர்கள் சொன்னதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். இளவயதில் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்தக் கதை என்னை வேறு விதமாகத் தொடுகிறது. தாம் நம்பியவர் ஒருவர் கையால் தந்த தண்ணீரை அந்த மக்கள் குடித்தார்கள். கோவூரின் எழுத்தில் சவால்களை விடவும், பேய் பிடித்தவர்களை உட்கார வைத்துப் பேசி, வீட்டுக்குள் அவர்களுக்கு என்ன துன்பமென்று கண்டுபிடித்த குறிப்புகளே நிற்கக்கூடியவை. அங்கே அவர் எதிராளியாக இல்லை, வைத்தியராக இருக்கிறார். நம் கதாசிரியர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது சவாலை மட்டும்தான்.

குருநாகல் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். நாலாயிரம் சிங்களத் தாய்மாரை ஒரு முஸ்லிம் வைத்தியர் மலடாக்கினார் என்று 2019 மே 23ஆம் திகதி திவயின பத்திரிகை முதற்பக்கத்தில் போட்டது. டொக்டர் ஷாபி கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் சான்றில்லை என்று நீதிமன்றத்துக்குச் சொன்ன பிறகும் மறியலில் இருந்து, ஜூலையில் பிணையில் வந்தார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்திருந்தார்கள். இதை வைத்து எழுதியவர்கள் எல்லோரும் வைத்தியரின் பக்கம் நின்று எழுதினார்கள். நியாயம்தான். ஆனால் முறைப்பாட்டு வரிசையில் நின்ற ஒரு பெண்ணை எனக்குக் கதையாக எழுதத் தோன்றுகிறது. இரண்டாவது பிள்ளை தங்கவில்லை. மாமியார் வாய் ஓயவில்லை. உன்னில் பிழையில்லை, எவனோ செய்தது என்று ஒரு காலையில் பத்திரிகை அவளுக்குச் சொல்கிறது. அதை நம்பாமல் இருப்பதற்கு அவள் எவ்வளவு பெரிய மனுஷியாக இருக்க வேண்டும்! இதைச் சொன்னால் அநியாயத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பார்கள். பத்திரிகைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது வேறை.

நம் பக்கமும் இருக்கிறது. 2003இல் நைஜீரியாவின் கானோவில் போலியோச் சொட்டு மருந்தை முஸ்லிம் தலைவர்களே நிறுத்தினார்கள், பிள்ளைகளை மலடாக்குமாம். வட இந்தியாவில் உத்தரப் பிரதேசத்து முஸ்லிம்கள் மத்தியிலும் இதே அச்சம் ஓடியது. 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி போட வந்தபோது வட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தியை நம்மவர்களும் கை மாற்றினார்கள். அம்பாறையில் அவர்கள் பயந்ததற்கும் கானோவில் நாம் பயந்ததற்கும் சொல்லளவில் கூட வித்தியாசமில்லை, இரண்டும் கருப்பையைப் பற்றியவை. கானோவுக்கு ஒரு பழைய காயமும் இருந்தது. 1996இல் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஒரு பெரிய மருந்துக் கொம்பனி அங்குள்ள பிள்ளைகளில் புது மருந்தைப் பரிசோதித்து, அது வழக்கு வரைக்கும் போனது. இந்தியாவுக்கு 1975-77 அவசரகாலத்துக் கட்டாயக் கருத்தடை. காயம் மெய், மருந்தைப் பற்றிய கதை பொய். ஹுஜுராத் அத்தியாயம் செய்தியை விசாரிக்கச் சொல்கிறது என்பதை நம்மில் ஓதாதவர் இல்லை. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்வதற்கென்றே ஒரு கலையை வளர்த்தவர்களும் நாம்தான். அந்த வட்ஸ்அப்பில் அறிவிப்பாளர் வரிசையை யார் கேட்டார்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011 ஓகஸ்ட், நோன்பு காலம். நாடெங்கும் கிரீஸ் பூதம். உடம்பெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்கிவிட்டு மறைகிறானாம். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் சனம் துரத்திப் போய் இராணுவத்திடம் அடிவாங்கியது. புத்தளத்தில் கலவரமாகி ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். அப்போது நான் புத்தளத்தில் விஞ்ஞான ஆசிரியர். தராவீஹ் முடிந்து இளைஞர்களோடு சந்தியில் பொல்லோடு நின்றேன், ஒரு இரவல்ல, நான்கு இரவு. பூதமொன்றும் இல்லையென்று பொலிசார் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தேகம் கூடியது. இல்லையென்று சொன்னவர்களிலேயே எங்களுக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு மணித்தியாலத்தில் வீட்டை விட்டு வந்தவனுக்கு இரவில் எதுவும் நடக்கலாம். பெரியையாவிடம் மாக்கட்டியைப் பற்றி விளக்கும்போது இந்தப் பொல்லு எனக்கு நினைவில் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தது.

எரிப்பைப் பற்றி யாராவது இனி எழுதினால், குழுவில் கையெழுத்திட்ட அந்த மனிதருக்கு வீட்டில் ஒரு கிணறு இருக்கட்டும், அவர் பயந்து ஒரு இரவு தூங்காமல் கிடக்கட்டும். அவரை மன்னிப்பதா இல்லையா என்பதை வாசகன் பார்த்துக்கொள்வான்.

புறப்படும்போது பெரியையா ஒடியல் ஒரு பை கட்டித் தந்தார். படலை வரைக்கும் வந்தார். இரவுச் சாப்பாடு எங்கே என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் நம்மவர் கடையொன்று இருக்கிறது, அங்கே கொத்து சாப்பிட்டுவிட்டு பஸ் எடுப்பேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துச் சாப்பிடும், தம்பி."