இரட்சணிய யாத்திரிகத்தில் ஆசிரியரின் சொந்தக் குரல்

சம்பந்தரின் தேவாரம் பெற்ற மாகறலில் இருந்துகொண்டு எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை (1894) மீண்டும் வாசித்தோம். கம்பனைத் தழுவிய வருணனைகள் பலவிடத்தும் கதையைத் தாமதப்படுத்துகின்றன, மறைப்பதற்கில்லை. ஆயினும் இடையிடையே வரும் தேவாரப் பதிகங்களில் யாத்திரிகனின் குரல் ஓய்ந்து, வைணவ மரபில் வளர்ந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவரின் சொந்த நெஞ்சமே பேசுகிறது. இப்பெருநூலைத் தாங்குபவை அப்பதிகங்களே என்பது நமது துணிபு. மூலநூலாசிரியராகிய பன்யனும், மோட்ச பிரயாணத்தை 1678-இல் வெளியிடுமுன், 1666-இலேயே தம் ஆத்தும வரலாற்றை எழுதிவிட்டார். போதகராகிய நாமோ பிரசங்கமும் கீர்த்தனையும் நாடகமும் எழுதிக் குவித்து, நாள்தோறும் நம்மைக் குறித்து எழுதிவந்த ஏட்டை மூடிவிட்டோம். பதினோராண்டுகளுக்குப் பின் இவ்வாசிப்பு அதைத் திறக்கச் செய்தது. முதல் வாரம் எழுதியவை யாவும் பிரசங்கக் குறிப்புகளாகவே அமைந்தன.