இரவற் கண்ணீரும் தொகுப்புக் கலையும்

புதிய கலைவடிவம் ஒன்று தோன்றுங்கால் அதனைக் கலையென ஒப்புவார் சிலரே. உரைநடைப் புனைகதையும் திரைப்படமும் தொடக்கத்தில் கற்றோர் பலரால் ஒதுக்கப்பட்டவையே. இன்று அவ்வாறு ஒதுக்கப்படும் வடிவங்களுள் ஒன்று அனிமே இசைக்காணொளி. சப்பானில் ஆக்கப்படும் ஓவியப் படங்களை உலகோர் அனிமே என வழங்குவர். அப்படங்களில் ஈடுபாடு மிக்க சுவைஞர், அவற்றினின்று காட்சித் துண்டுகளைத் தெரிந்தெடுத்துத் தாம் விரும்பும் பாட்டு ஒன்றனோடு இயைத்துத் தொகுக்கும் சில நிமிட அளவினதாகிய படைப்பே இது. இதன்கண் காட்சி பிறருடையது, பாட்டும் பிறருடையது, தொகுப்பு ஒன்றே தொகுப்பவர்க்கு உரியது. எனினும் இவற்றுட் சில காண்போரைக் கண்கலங்கச் செய்கின்றன. அக்கண்ணீர் யார் படைப்பின் பயன் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் வினா.

இவ்வினா நம்மிடம் தானே எழுந்ததன்று. சில ஆண்டுகட்கு முன் முதுகலை மாணவர் ஒருவர் இப்பொருளைத் தம் ஆய்வேட்டுக்குத் தலைப்பாகக் கொணர்ந்தார். பிறர் பொருளை வெட்டி ஒட்டுவதில் ஆராய்தற்கு யாது உளது என்று கூறி நாம் மறுத்துவிட்டோம். அவர் வேறொரு தலைப்பில் எழுதித் தேர்ச்சியும் பெற்றார். பின்னர் ஒருநாள் அவர் காட்டிய காணொளிகள் சிலவற்றைப் பொறுமையுடன் கண்டபொழுது, நம் மறுப்புக் காணாமலே கூறிய மறுப்பு என்பது புலனாயிற்று. தொகை நூல்களைப் போற்றிப் பயிலும் துறையினராகிய நாம் தொகுத்தல் என்னும் தொழிலை அத்துணை எளிதாக எண்ணியது பொருந்தாது.

இவ்வடிவத்தின் முதற்படைப்பாகப் பலரும் குறிப்பது, ஜிம் கபோஸ்டாஸ் என்னும் அமெரிக்க இளைஞர் 1982-இல் தொகுத்ததாகும். அவர் இரண்டு வீடியோப் பதிவுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்தார். அமெரிக்காவில் 'ஸ்டார் பிளேசர்ஸ்' என்ற பெயரில் ஒளிபரப்பாகிய சப்பானியத் தொடரின் கடும்போர்க் காட்சிகளை எடுத்து, பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் வெளியிட்ட 'ஆல் யூ நீட் இஸ் லவ்' என்னும் அன்பைப் போற்றும் பாட்டோடு சேர்த்தார். காதில் அன்பும் கண்ணில் அழிவும் ஒருங்கே பட, அம்முரணால் நகை பிறந்தது. ஆகவே இவ்வடிவம் நகையிலே பிறந்து, பின்னரே அழுகைக்கு வந்தது எனலாம். இன்று அமெரிக்க அனிமே மாநாடுகளில் நிகழும் இசைக்காணொளிப் போட்டிகளில் நகைச்சுவைக்கு ஒரு பிரிவு இருப்பது போலவே உணர்ச்சி மிக்க படைப்புகளுக்கும் தனிப்பிரிவு இருத்தலைக் காண்கிறோம்.

பிறர் பொருளைக் கொண்டமையாலேயே ஒரு படைப்பு இழிந்ததாகுமோ எனின், ஆகாது. தொல்காப்பியர் மரபியலில் நூலை முதல் எனவும் வழி எனவும் இரண்டாகப் பகுத்து, வழிநூலை நால்வகைப்படுத்துவார். அவற்றுள் ஒன்று தொகுத்தல். விரிந்து கிடப்பதனைச் சுருக்கி அமைத்தல் என்பது அதன் கருத்து. தொல்காப்பியர் கூறியது நூலுக்கே என்பதை நாம் மறந்திலோம். எனினும், இருபத்தாறு பகுதி கொண்ட ஒரு தொடரை நான்கு நிமிடத்துள் அடக்கும் ஒருவர் செய்வதும் அத்தகைய தொழிலே. எனவே வழிநூல் என்பது குறையன்று. வழிநூலாசிரியர் தாம் ஆற்றவேண்டிய பணியை ஆற்றினாரா என்பதே நோக்கற்பாலது.

இனி மெய்ப்பாட்டிற்கு வருவோம். மேடையில் தோன்றும் உணர்வு காண்பார் உள்ளத்தைச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்னும் கொள்கை உரையாசிரியர் காலத்திலேயே வழங்கியது. அழுகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் இழவும் ஒன்று. தொடக்க நிலைத் தொகுப்பாளர் பலர் இதனை மட்டுமே அறிந்தார்போல் நடப்பர். இறப்புக் காட்சிகளையும் அழும் முகங்களையும் பல படங்களினின்று திரட்டி, மெல்லிய பியானோ இசையோடு கூடிய சோகப்பாட்டின்கீழ் அடுக்குவர். மூலப்படத்தை முன்னரே கண்டவர் அதனைக் கண்டு அழுவதும் உண்டு. ஆயின் அக்கண்ணீர் மூலப்படத்தின் இயக்குநர் முன்பே வருவித்த கண்ணீர். தொகுப்பாளர் அதனை இரவலாகப் பெற்றார், அவ்வளவே.

இரவற் கண்ணீரையும் தொகுப்பால் விளைந்த கண்ணீரையும் பிரித்தறிதற்கு வழி யாது? வரிசையை மாற்றிப் பார்த்தல் ஒன்றே தக்க வழி என்பது நம் துணிபு. ஒரு காணொளியின் துண்டுகளை முன்பின்னாக மாற்றினும் அதன் உணர்வு சிறிதும் குன்றவில்லையாயின், அவ்வுணர்வு துண்டுகளுக்கு உரியது; தொகுப்புக்கு உரியதன்று. மாற்றியவுடன் உணர்வு சிதையுமாயின், அது தொகுப்பாலேயே பிறந்தது. அகநானூற்றில் பாட்டின் எண்ணைக் கொண்டே திணையை அறியுமாறு வரிசை அமைந்துள்ளது. எனினும் அவ்வரிசையை மாற்றினால் தனிப்பாட்டின் சுவை குன்றாது. இசைக்காணொளியின் துண்டோ அவ்வாறு தனித்து நிற்பதன்று. அதன் பொருள் முன்னும் பின்னும் நிற்கும் துண்டுகளைச் சார்ந்தே அமையும்.

இவ்வுண்மையைத் திரைப்படக் கலைஞர் முன்னரே உணர்ந்திருந்தனர். உருசிய இயக்குநர் குலெஷோவ் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த ஆய்வு ஒன்றனைப் புதோவ்கின் எடுத்துரைத்துள்ளார். மொசூகின் என்னும் நடிகரின் உணர்ச்சி புலப்படாத முகத்தை, ஒருகால் உணவுத் தட்டோடும், ஒருகால் சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணோடும், ஒருகால் விளையாடும் சிறுமியோடும் அடுத்து வைத்தனர். கண்டோர் அம்முகத்தில் முறையே பசி கலந்த சிந்தனையும் துயரும் மகிழ்வும் கண்டதாகப் பாராட்டினர். முகம் ஒன்றே, அடுத்து நின்ற காட்சியே வேறு. ஓவிய முகத்திற்கு இது பின்னும் பொருந்தும். சில கோடுகளால் அமைந்த அம்முகம், அடுத்து நிற்பது எதுவோ அதன் உணர்வை எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

நாம் கூறிய சோதனைக்குத் தலைசிறந்த சான்றுகள் அனிமேப் படங்களிலேயே உள்ளன. தகாஹாதா இசாவோ 1988-இல் இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். நோசாகா அகியுகி 1967-இல் எழுதிய கதையினின்று பிறந்தது அப்படம். போரின் இறுதியில் கோபே நகர்ப்பகுதியில் தாயை இழந்த சிறுவன் செய்தாவும் அவன் தங்கை செத்சுகோவும் பசியால் மடிவதே கதை. தங்கை இறந்த பின்னர், குளத்தின் மறுகரையிலுள்ள இல்லத்திற்குத் திரும்பி வந்தோர் 'ஹோம், ஸ்வீட் ஹோம்' என்னும் பழைய ஆங்கிலப் பாட்டை இசைத்தட்டில் ஒலிக்கச் செய்கின்றனர். அப்பாட்டின்கீழ் இயக்குநர் காட்டுவது இறப்பை அன்று. அண்ணன் இல்லாத பொழுதுகளில் அச்சிறுமி குளக்கரையில் தனியே ஓடியும் விளையாடியும் இருந்த காட்சிகளையே காட்டுகின்றார். அவ்விளையாட்டை நாம் முன்னர்க் கண்டதில்லை. அவள் இறந்தாள் என்று அறிந்தபின் முதன்முறையாகக் காண்கிறோம். இறப்புக்கு முன் வைத்திருந்தால் அவை குழந்தையின் விளையாட்டு என்னும் அளவில் நின்றிருக்கும். பின் வைத்தமையால் தாங்குதற்கு அரியவாயின. வரிசையே ஈண்டுப் படைப்பு.

ஷின்காய் மகோதோ 2007-இல் வெளியிட்ட 'நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர்' என்னும் படத்தின் முடிவும் இத்தகையதே. யமசாகி மசயோஷி அதற்குப் பத்தாண்டுகட்கு முன், 1997-இல், வெளியிட்ட பாட்டு ஒன்றனை எடுத்து, அதன்கீழ்த் தகாகி, அகாரி என்னும் இருவரின் கடந்த ஆண்டுகளைச் சிறுசிறு துண்டுகளாக விரைந்து காட்டுகின்றார் இயக்குநர். ஆக்கமுறையில் அஃது ஓர் இசைக்காணொளியே. அதன் இறுதியில் இருப்புப்பாதைக் கடவையின் இருபுறத்தும் இருவர் நிற்க, இடையே தொடர்வண்டிகள் செல்கின்றன. அவை கடந்தபின் எதிர்ப்புறம் ஒருவரும் இலர். வெறுமையான அக்கடவை தன்னளவில் துயரம் தருவதன்று. படத்தின் தொடக்கத்தில் சிறுமியாகிய அகாரி அத்தகைய கடவையைத் தாண்டி நின்றதை நாம் கண்டிருத்தலாலேயே அது நெஞ்சைத் தைக்கின்றது. சுவைஞர் தொகுக்கும் காணொளிகளுட் சிறந்தவை பின்பற்றுவதும் இம்முறையே. இறுதியிற் காட்டவேண்டிய பொருளை முதலிலேயே வேறொரு நிலையிற் காட்டி வைப்பர். பாட்டின் பல்லவி மீண்டும் வருங்கால் காட்சியும் மாறுபட்ட பொருளோடு மீண்டு வரும்.

வரிசைக்கு அடுத்து நோக்கத்தக்கது காலஅளவு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுவது. நிமிடத்திற்கு 72 தாளம் கொண்ட பாட்டாயின் ஒரு தாளத்திற்கு 20 சட்டகங்கள் வரும். நான்கு நிமிடத்தில் 288 தாளங்கள். தாளந்தோறும் வெட்டினால் 288 துண்டுகள் ஆகும். ஒன்றேனும் ஒரு நொடி நில்லாது. போர்க்காட்சிக்கு அது பொருந்தலாம்; அழுகைக்குப் பொருந்தாது. முகத்தைக் கண்டு, அதன் உணர்வை உணர்ந்து, அவ்வுணர்வைத் தனதாக்கிக்கொள்ளக் காண்பவனுக்குப் பொழுது வேண்டும். ஆதலின் தேர்ந்த தொகுப்பாளர் ஒலியலையின் வடிவத்தைக் கணினித் திரையில் நோக்கித் தாளங்களை அறிந்தபின்னும், அவற்றுட் பலவற்றை வெட்டாது விடுவர். ஒலியும் காட்சியும் ஒரே கணத்தில் நிகழின் உள்ளம் அவற்றை ஒன்றெனவே கொள்ளும் என்று பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஷியோன் 1990-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். அவ்வொருமை ஓயாது நிகழுமாயின் காண்பார்க்கு அது பழகிப்போகும். அரிதாக நிகழின் நெஞ்சில் அறையும்.

அனிமேயின் ஆக்கமுறையும் இதற்குத் துணைசெய்கின்றது. தெசுகா ஒசாமுவின் 'தெத்சுவான் ஆத்தோமு' 1963-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய காலந்தொட்டு, செலவைக் குறைத்தற்பொருட்டு ஓர் ஓவியத்தையே மூன்று சட்டகங்களுக்கு நிறுத்துதல் பெருவழக்காயிற்று. அவ்வாறாயின் நொடிக்கு எட்டு ஓவியங்களே வரும். சில இடங்களில் காட்சி முற்றும் அசைவற்று நிற்றலும் உண்டு. அன்னோ ஹிதேயாகி இயக்கிய 'எவாஞ்சலியன்' தொடரின் 24-ஆம் பகுதியில், நண்பனைத் தன் கையில் பற்றிய நிலையில் ஷின்ஜி முடிவெடுக்க இயலாது நிற்கும் காட்சி, ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவின்றி நிற்க, பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி மட்டும் ஒலிக்கின்றது. காட்சி நின்றுவிட்ட இடத்தில் இசை மேற்செல்கின்றது; காண்பார் உள்ளமும் இசையோடு செல்கின்றது. வறுமையாற் பிறந்த இவ்வசைவின்மை இசைக்காணொளித் தொகுப்பாளர்க்குச் செல்வமாயிற்று.

மூன்றாவதாக நோக்கத்தக்கது பாட்டின் சொல்லுக்கும் காட்சிக்கும் உள்ள உறவு. பாட்டு மழை என்றால் மழையையும், கண் என்றால் கண்ணையும் காட்டுவார் உளர். சொல்லைக் காட்சியாற் பெயர்த்தெழுதுவது அது. பொருள் சிறிதும் வளராது. சிறந்த தொகுப்பில் பாட்டு ஒன்று கூறக் காட்சி அதன் அயலில் நிற்கும் பிறிதொன்றைக் காட்டும். இரண்டற்கும் இடையே தோன்றும் பொருளைக் காண்பார் தாமே கொள்வர். நம் அகப்பாடல்களில் இறைச்சியைப் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. இக்காரணம் பற்றியே தேர்ந்தோர் பேசும் வாய்களைத் தவிர்ப்பர். மூலத்தில் வேறு சொற்களைப் பேசிய வாய், பாட்டின்கீழ் அசையுங்கால் மூலக்கதையை நினைவூட்டிப் புதிய பொருளைக் கெடுக்கும். எனவே அவ்வசைவைக் கணினியால் நீக்கி வாயை மூடிவிடுதலும் உண்டு. அனிமேயில் வாயசைவு மூடியது, பாதி திறந்தது, முற்றும் திறந்தது எனச் சில நிலைகளிலேயே பெரும்பாலும் வரையப்படுதலின் அஃது இயல்வதாயிற்று.

ஈண்டு ஒரு தடை எழலாம். மூலத்தை அறிந்தோரே இக்காணொளிகளைக் கண்டு மிகுதியும் உருகுகின்றனர். ஆகவே நினைவின்றி இவ்வடிவமே இல்லை. நினைவு இரவல் எனின் இவ்வடிவம் முழுதும் இரவலே அன்றோ என்பது தடை. நினைவு இதற்கு மூலப்பொருள் என்பதை நாம் மறுக்கவில்லை. கதை அறிந்த அவைக்கே பழங்கதைகள் பலவும் பாடப்பட்டன. முடிவு அறிந்தமையால் எவரும் அழாது எழுந்து சென்றிலர். பெற்ற பொருளை அவ்வாறே திருப்பித் தருதல் வேறு. அதனைக் கொண்டு புதிதொன்று ஆக்குதல் வேறு. மூலத்தில் நாம் பொருட்படுத்தாது கடந்த ஒரு கையசைவை, ஒரு வெற்று நாற்காலியை, ஒரு தெருமுனையைத் தொகுப்பாளர் தக்க இடத்தில் நிறுத்தி, இதனை நீ கண்டிலையே என்று உணர்த்துவாராயின் அவர் மூலத்திற்கு ஓர் உரையாசிரியர் ஆகின்றார். அவர் தருவது மூலம் தராத கண்ணீர்.

இதுகாறும் கூறியவற்றால், இசைக்காணொளியின் உணர்ச்சி அது காட்டும் துயரத்தின் அளவைப் பொறுத்ததன்று என்பதும், தெரிவு, வரிசை, நிறுத்தம் ஆகியவற்றையே பொறுத்தது என்பதும், வரிசையை மாற்றிப் பார்த்தலே அதனை அளந்தறியும் கருவி என்பதும் பெறப்பட்டன. அக்கருவியைக் கொண்டு நோக்கின், இவ்வடிவத்திற் பெரும்பாலானவை நில்லாமற் போகலாம். எந்த வடிவத்திலும் பெரும்பாலானவை நிற்பதில்லை. நிற்கும் சிலவற்றைக் காணாமலே ஒதுக்குதல் திறனாய்வாளர்க்கு அழகன்று. அம்மாணவர் இன்று வந்து அத்தலைப்பைக் கேட்பாராயின், நாம் உடன்படுவோம். எந்தக் காணொளி, அதில் எந்த வரிசை என்று மட்டும் கேட்போம்.