இருபது பவுண்ட் நாய்

லூக் ஃபில்டஸ் 1874-இல் லண்டன் ராயல் அகாடமியில் வைத்த ஓவியம், 'கேஷுவல் வார்டில் இடம் கேட்டு வந்தோர்'. பனி இரவு, காவல் நிலையச் சுவரோரம் ஒண்டி நிற்கும் வீடற்றவர்கள். 1864-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒர்க்ஹவுஸ் என்ற ஏழை விடுதியின் கேஷுவல் வார்டில் ஓர் இரவு முடங்குவதற்கும் போலீஸிடம் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இந்த வரிசை.

முகங்களில்தான் எனக்குச் சிக்கல். கைக்குழந்தையோடு ஒரு தாய், பிள்ளையைத் தூக்கி நிற்கும் தொழிலாளி, தொப்பையும் தள்ளாட்டமுமாக ஒரு குடிகாரன். இவள் பாவம், இவனுக்கு வேண்டியதுதான் என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம். உதவத் தக்க ஏழை, தகாத ஏழை என்று அக்காலத் தருமவான்கள் போட்ட கணக்கு இது. ஃபில்டஸ் தெருவில் கண்டவர்களையே அழைத்துவந்து மாடலாக நிறுத்தினார், மெய்தான். ஆள் அசலாக இருந்தும் பாத்திரம் பழசாகவே நிற்கிறது.

பின்சுவர் வேறு சாதி. அங்கே ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களில் ஒரு குழந்தைக்குச் சன்மானம் 2 பவுண்ட். காணாமல்போன நாய்க்கு 20. கண்ணீர் இல்லை, கெஞ்சல் இல்லை. ஒட்டிவிட்டு நகர்ந்துவிட்டார் ஓவியர்.

இதே காட்சி 1869 டிசம்பரில் 'தி கிராஃபிக்' வார இதழின் முதல் இதழிலேயே மரச்செதுக்குப் படமாக வந்தது. டிக்கன்ஸின் கடைசி நாவலுக்குப் படம் போடும் வாய்ப்பை ஃபில்டஸுக்குத் தேடித் தந்ததும் அதுதான். என் ஓட்டு அந்த அச்சுக்கே. கறுப்புக் கோடுகளில் முகங்கள் பாதி இருட்டில் கிடக்கின்றன, தரம் பிரிப்பது அத்தனை சுலபமில்லை. எட்டடி அகல எண்ணெய் வண்ணத்தில் அந்த இருட்டுக்கு ஒரு பழுப்பு மெருகு ஏறிவிட்டது. அந்த ஓவியத்தைப் பார்க்க வந்த கூட்டத்தைத் தடுக்கக் கம்பித் தடுப்பும் ஒரு போலீஸ்காரரும் வேண்டியிருந்ததாம்! 1883-இல் அதை வாங்கியவர் மாத்திரை வியாபாரத்தில் கொழித்த தாமஸ் ஹாலோவே.

கதவுக்கு அப்பால் ஃபில்டஸ் போகவில்லை. இரவு தங்கியவர்கள் மறுநாள் காலை உள்ளே கல் உடைக்க வேண்டியிருந்தது, பழங்கயிற்றைப் பிரித்து நாராக்க வேண்டியிருந்தது. தங்கியதற்குக் கொடுத்த அந்த விலை படத்தில் இல்லை. இன்னொரு ஓவியரான ஹெர்கோமர் 1878-இல் உள்ளே போனார், வெஸ்ட்மின்ஸ்டர் ஒர்க்ஹவுஸ் மூதாட்டிகளை வரைந்தார். ஆனால் தேநீரும் தையலுமாக அவர்களைச் சாந்தப்படுத்திவிட்டார். அந்தச் சாந்தத்தைவிட ஃபில்டஸின் குளிர் மேல். முகங்களில் தோற்றதைச் சுவரில் மீட்டுக்கொண்டார். அந்த நோட்டீஸ்களை மறைத்துப் பாருங்கள், மிஞ்சுவது உருக்கமான ஒரு படம் மட்டுமே.