பாய்மரக் கப்பல்களை இனங்காணல்: வகைப்பெயரும் உறுப்புப்பெயரும்

1. சிக்கல்

ஒரு பாய்மரக் கப்பல் எவ்வகையினது என்பதை வரையறுக்கும் கடலியல் ஆய்வாளர் அதன் பெயரை முதற்சான்றாகக் கொள்வதில்லை. மரங்கள் எத்தனை, அவற்றில் பாய்கள் குறுக்காகக் கட்டப்பட்டுள்ளனவா நெடுக்காகக் கட்டப்பட்டுள்ளனவா என்பனவற்றையே முதலில் நோக்குகின்றனர். மூன்றோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய மரங்கள் அனைத்திலும் குறுக்குப்பாய் உடையது ஆங்கிலக் கடல்வழக்கில் 'ஷிப்' எனப்படும். கடைமரத்தில் மட்டும் நெடுக்குப்பாய் உடையது 'பார்க்'. இரு மரங்களிலும் குறுக்குப்பாய் உடையது 'பிரிக்'. நெடுக்குப்பாயையே முதன்மையாகக் கொண்டது 'ஸ்கூனர்'. இவை அனைத்தையும் தமிழில் பெயர்ப்போர் 'கப்பல்' அல்லது 'பாய்க்கப்பல்' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகின்றனர். மூலத்தில் தெளிவாக இனங்காட்டப்பட்ட கலம் பெயர்ப்பில் தன் அடையாளத்தை இழக்கிறது. எதிர்த்திசையிலும் இதுவே நிகழ்கிறது. நாவாய், வங்கம், கலம், தோணி, ஓடம் எனத் தமிழ் வேறுபடுத்துவன ஆங்கிலத்தில் 'கப்பல்', 'படகு' என்னும் இரு பொதுச்சொற்களுள் அடங்கிவிடுகின்றன.

இக்குறைக்குச் சொற்பற்றாக்குறை காரணமன்று. வகைப்பெயரை நம்பி உறுப்புப்பெயரைப் புறக்கணித்த அகராதி மரபும் மொழிபெயர்ப்பு மரபுமே காரணம் எனலாம்.

2. நிகண்டும் அகராதியும்

நிகண்டுகள் மரக்கலப் பெயர்களை ஒருபொருட் பன்மொழியாக அடுக்கின. செய்யுள் இயற்றுவோர்க்கு அது பயன்தரும் முறையே. பொருளை இனங்காண விழைவோர்க்கு அது தடையாகிறது. பழைய செய்யுட்களில் இச்சொற்கள் ஒன்றுபோல் ஆளப்படவில்லை. புறநானூற்று 343ஆம் பாடலில் பொன்னைக் கொணர்வது கலம். அதனைக் கரை சேர்ப்பது கழித்தோணி. ஒன்று ஆழ்கடலுக்குரியது, மற்றது கழிக்குரியது என்னும் தொழிற்பாகுபாடு அங்கு வெளிப்படை. அகநானூறு 255இல் வங்கம் காற்றின் வலியால் இரவும் பகலும் செல்வதாகவும், நீகானால் செலுத்தப்படுவதாகவும் கூறப்படுகிறது. இவ்விரு பாடல்களையும் நிகண்டின் துணைகொண்டு மட்டும் படிப்பவர் மூன்று சொற்களையும் ஒன்றாகவே கொள்ள நேரும்.

வகைப்பெயர் காலத்தால் மாறுபடும் என்பதற்கும் தோணியே சான்று. சங்கப் பாடலில் கழியில் இயங்கிய தோணி, இருபதாம் நூற்றாண்டில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற பெரும் பாய்மரக் கலத்தின் பெயராயிற்று. சொல் நிலைத்தது, பொருள் மாறியது. கட்டுமரம் மற்றோர் எடுத்துக்காட்டு. மரங்களை இணைத்துக் கட்டிய மிதவையைக் குறித்த இத்தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் புகுந்து, இன்று இரட்டை உடலுடைய விரைவுக்கலத்தைக் குறிக்கிறது. அவ்வாங்கிலச் சொல்லைத் தமிழாக்குவோர் மீண்டும் 'கட்டுமரம்' என்றே எழுதினால் வாசகர் மனத்தில் தோன்றும் உருவம் பிழையானதாகும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) கடல்வழக்குச் சொற்கள் பலவற்றைத் தனிக்குறியீட்டுடன் பதிவு செய்தது. இது அதன் சிறப்பு. எனினும் வகைப்பெயர்களுக்கு அது பெரும்பாலும் பொதுப்பொருளே தருகிறது. ஒரு கலம் மற்றொன்றினின்று எவ்வுறுப்பால் வேறுபடுகிறது என்பதைக் கூறுவதில்லை.

3. உறுப்புப்பெயரின் சான்றுவலிமை

பட்டினப்பாலை புகார்த்துறையில் நின்ற நாவாய்களைக் கூறுமிடத்து அவற்றின் கூம்பின்மேல் பறந்த கொடிகளையும் குறிக்கிறது. கூம்பு என்பது பாய்மரம். புறநானூறு 30 கூம்போடு 'மீப்பாய்' என்னும் சொல்லையும் தருகிறது. கூம்பையும் மீப்பாயையும் களையாமல், பாரத்தையும் குறைக்காமல் பெருங்கலம் புகாருக்குள் புகுந்தது என்பது அப்பாடலின் செய்தி. இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. சிறு துறைகளுள் நுழையும்போது மரத்தையும் பாயையும் இறக்கும் வழக்கம் இருந்தது. புகாரின் நீராழம் அதனை வேண்டாததாக்கியது. 'மீப்பாய்' என்பது ஒரு பாயின்மேல் மற்றொரு பாய் இருந்ததைக் குறிக்கிறதா, மேலே கட்டப்பட்ட பாய் என்று மட்டும் பொருள்படுகிறதா என்பது ஆய்வுக்குரியது. மொழிபெயர்ப்பாளர் அதனை வெறும் 'பாய்' என்று பெயர்த்துவிட்டால் அவ்வினாவே எழாமற் போகும்.

தொல்பொருட் சான்றுகளும் இம்முறையையே வலியுறுத்துகின்றன. சாதவாகனர் வெளியிட்ட ஈயக் காசுகளில் இரு மரங்களுடைய கப்பலுருவம் காணப்படுகிறது. காசின் சிறு பரப்பில் மரங்களின் எண்ணிக்கை தெளிவு; பாயின் வடிவை உறுதிசெய்ய அப்பரப்பு போதாது. வைகை முகத்துவாரத்தை அடுத்த அழகன்குளத்தில் கிடைத்த பானையோட்டுக் கீறலை லயனல் காசன் மும்மரக் கிரேக்க-உரோமைச் சரக்குக் கப்பல் என இனங்கண்டார். அகநானூறு 149 யவனர் ஊர்ந்து வந்ததைக் 'கலம்' என்று மட்டுமே குறிக்கிறது. பாடலின் வகைப்பெயர் தராத செய்தியை ஓட்டின் மூன்று கோடுகள் தருகின்றன.

'எரித்திரியக் கடற்பயணம்' என்னும் கிரேக்க நூலும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சோழமண்டலக் கரையில் 'சங்கரா', 'கொலாந்தியோபொந்தா' என்னும் இருவகைக் கலங்கள் இயங்கியதை அது கூறுகிறது. ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்யப்பட்டது சங்கரா என அதன் ஆக்கமுறையும் கூறப்படுவதால், அறிஞர் அதனைச் 'சங்காடம்' என்னும் சொல்லோடு இணைத்துக் காண முடிகிறது. பின்னது கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் மிகப் பெரிய கலம் என்பதற்கு மேல் நூல் ஒன்றும் கூறவில்லை. ஆகவே அதன் இனமும் சொல்மூலமும் இன்றளவும் விவாதத்துக்குரியனவாகவே உள்ளன.

4. நகரிப் பகுதியும் இருமொழி வழக்கும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் நகரி போன்ற ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்குகின்றன. இரு மொழிக்கும் பொதுவான சொல் இருக்குமிடத்து மொழிபெயர்ப்பு எளிதெனத் தோன்றும். மரக்கலப் பெயர்களைப் பொறுத்தவரை அதுவே பிழைக்கு வாயிலாகிறது. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி தமிழ் 'ஓடம்', தெலுங்கு 'ஓட' இரண்டையும் ஓரினச் சொற்களாகத் தருகிறது. ஆயினும் தமிழில் ஓடம் ஆற்றைக் கடக்கும் சிறுகலம்; தெலுங்கில் ஓட கடற்கப்பல். தெலுங்கின் 'ஓடரேவு' கப்பல் துறைமுகம். தமிழின் 'ஓடத்துறை' ஆற்றைக் கடக்கும் இடம். இருமொழியாளர் ஒருவர் முன்னதைப் பின்னதாகப் பெயர்த்தால் துறைமுகம் படித்துறையாகிவிடும்.

உறுப்புப்பெயரில் நிலைமை வேறு. தமிழில் 'பாய்' படுக்கும் பாயையும் கப்பற் பாயையும் குறிக்கும். தெலுங்கில் 'சாப' படுக்கும் பாய். 'தெரசாப', அதாவது திரைப்பாய், கப்பற் பாய். வேர்ச்சொற்கள் வேறாயினும் பெயரிடும் முறை ஒன்றே. பின்னிய பாயைக் காற்றுக்கு விரித்த பழைய நிலையை இரு மொழிகளும் தனித்தனியே நினைவிற் கொண்டிருத்தல் கூடும். இங்ஙனம் உறுப்புப்பெயர் மொழியெல்லையைக் கடந்தும் பொருளை விடாது நிற்கிறது.

நகரிக்குக் கிழக்கே கடற்கரையிலுள்ள பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்ட்ரியாக் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். அவர்தம் ஆவணங்கள் அகன்ற வயிறும் குறுகிய மேல்தளமும் உடைய சரக்குக் கலத்தை 'ஃப்ளூய்ட்' என்றும், விரைந்து செல்லும் சிறுகலத்தை 'யாக்ட்' என்றும் பிரிக்கின்றன. இவ்வாவணங்களைத் தமிழிலோ தெலுங்கிலோ தருவோர் இரண்டையும் ஒரே சொல்லாற் பெயர்த்தால் வணிக வரலாற்றுக்கு இன்றியமையாத ஏற்றளவு வேறுபாடு மறையும்.

5. அன்னபூரணி

இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனப் பெயர் மாற்றினார். 1938 ஆகஸ்டில் அது மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இக்கப்பலைப் பற்றி எழுதுவோர் சிலர் 'பிரிக்' என்றும் சிலர் 'பிரிகன்டைன்' என்றும் குறிக்கின்றனர். இரண்டும் இருமரக் கலங்களே. பிரிகன்டைனில் முன்மரம் குறுக்குப்பாயும் பின்மரத்தின் முதன்மைப் பாய் நெடுக்குப்பாயுமாக இருக்கும். ஆகவே எப்பெயர் பொருந்தும் என்பதைப் பின்மரமே முடிவு செய்யும். தமிழில் எழுதுவோர் 'கப்பல்' என்று நிறுத்திக்கொள்வதால் இவ்வினாவைக் கேட்கும் வாய்ப்பே அமைவதில்லை.

இக்கலத்தைக் கட்டியோரும் செலுத்தியோரும் தமிழர். பாயைத் தாங்கும் குறுக்குக்கம்பைப் 'பருமல்' என்றும், பாயின் முனையை இழுத்துக் கட்டும் கயிற்றைத் 'தாமான்' என்றும், முன்பகுதியை 'அணியம்' என்றும் வழங்கும் நெய்தல் நில மக்களின் மொழி, மேற்கூறிய வேறுபாடுகளைச் சொல்லவல்லது. ஜோ டி குரூஸின் 'கொற்கை' (சாகித்திய அகாதெமி பரிசு, 2013) போன்ற புதினங்கள் தூத்துக்குடித் தோணி வாழ்வை எழுத்திற் கொணர்ந்துள்ளன. ஆனால் புதினத்தில் வரும் சொல்லுக்கு வரைபடமும் வரையறையும் இல்லாவிடில் அடுத்த தலைமுறை மொழிபெயர்ப்பாளர் அதனைச் சூழலால் ஊகிக்க வேண்டியவராவார். பொறிகள் பாய்களின் இடத்தைப் பிடித்துவிட்டமையால் பாயேற்றி அறிந்தோர் அருகி வருகின்றனர். அவர்களோடு இச்சொற்களின் பொருளும் மறைந்தால், சொல் மட்டும் அகராதியில் எஞ்சும்.

6. முடிவு

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் புலனாகின்றன. வகைப்பெயர் இடத்தாலும் காலத்தாலும் மாறும் இயல்பினது. அதனைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது. உறுப்புப்பெயர் ஒப்பளவில் நிலைபேறுடையது. கூம்பு, மீப்பாய் போன்ற சொற்களைப் பொதுச்சொல்லாற் பெயர்ப்பது சான்றை அழிப்பதாகும். அயல்மொழி வகைப்பெயரைத் தமிழாக்குவோர் அச்சொல்லை ஒலிபெயர்த்து, முதல் ஆட்சியில் மரங்களின் எண்ணிக்கையையும் பாய்கட்டும் முறையையும் ஒரு தொடரால் விளக்குதல் வேண்டும். அகராதியாளர் கடல்வழக்குச் சொற்களைக் கரையோர மக்களிடமிருந்து நேரில் தொகுத்து, படத்துடன் தமிழ்-தெலுங்கு இணைச்சொற்களையும் சேர்த்து வெளியிடுதல் இதனினும் முற்பட வேண்டிய பணியாகும்.