கோட்டுக்குள் பன்னிரண்டு மாதம்

கப்பல் போன தடத்தை வரைபடத்தில் ஒரு கோடாக இழுக்க எவருக்கும் தோன்றும். மாத்யூ ஃபான்டெய்ன் மோரி அந்தக் கோட்டுக்கு நிறம் கொடுத்தார். குளிர்காலப் பயணம் கறுப்பு, வசந்தம் பச்சை, கோடை சிவப்பு, இலையுதிர் காலம் நீலம். அதோடு விட்டிருக்கலாம். மனிதருக்கு மாதமும் தெரிந்தாக வேண்டும். பருவத்தின் முதல் மாதமா, முழுக்கோடு. இரண்டாவதா, விட்டுவிட்டு வரும் கோடு. மூன்றாவது புள்ளிக்கோடு. மாதத்தின் பெயரை எங்கும் எழுதாமலே பன்னிரண்டும் வந்து உட்கார்ந்துவிட்டன! காற்றுக்குச் சின்னத் தூரிகை போல ஓர் உருவம். அதன் சாய்வைப் பார்த்தே திசையைப் படித்துவிடலாம்.

மோரி 1825இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தவர். வின்சென்ஸ் கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர். 1839இல் ஓஹையோவில் குதிரை வண்டி கவிழ்ந்து கால் முறிந்தது. நொண்டும் அதிகாரிக்குக் கப்பலில் என்ன வேலை? 1842இல் வாஷிங்டனில், வரைபடங்களும் கருவிகளும் வைத்திருந்த கிடங்குக்குப் பொறுப்பாளராக்கினார்கள். அங்கே பழைய கப்பல்களின் பயணக் குறிப்பேடுகள் குவிந்து கிடந்தன. இன்ன நாள், இன்ன இடம், இன்ன காற்று என்று எத்தனையோ மாலுமிகள் கடமைக்கு எழுதிவைத்த வரிகள். அத்தனையையும் ஒரே தாளில் இறக்கியதுதான் 1847இல் வெளிவந்த வட அட்லாண்டிக் வரைபடம்.

அதை நம்பிப் புறப்பட்டவர் கேப்டன் ஜாக்சன். பால்டிமோரிலிருந்து ரியோ டி ஜெனீரோவுக்கு வழக்கமாக 55 நாள் பிடிக்கும். 1848இல் அவர் 38 நாளில் போய்ச் சேர்ந்தார். பிறகு கேட்கவேண்டுமா? தங்கள் குறிப்புகளை அனுப்பிவைக்கும் கேப்டன்களுக்கு வரைபடம் இலவசம் என்றார் மோரி. கடலோடிகளே அவருக்குச் சம்பளமில்லாத ஊழியர்களானார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அவருடைய திமிங்கல வரைபடம்தான். எந்தக் கடலில் எந்த இனம் என்பதைக் குட்டிக் குட்டித் திமிங்கலங்களாகவே போட்டிருக்கிறார். ரைட் திமிங்கலத்துக்கு இரண்டு நீர்ப்பீச்சல், ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு ஒன்று. இரண்டு இனமும் நிஜத்தில் அப்படித்தான் மூச்சு விடும். பாய்மரத்தின் உச்சியில் நின்று தேடும் வேட்டைக்காரன் கண்ணில் முதலில் படுவதும் அந்தப் பீச்சல்தானே! அவன் அடையாளம் காணும் விதத்தையே குறியீடாக்கிக்கொண்டார்.

1861இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, பதவியை உதறிவிட்டு, அடிமைமுறையைக் காக்க எழுந்த தெற்கத்திய அணிக்குப் போனார் மோரி. அங்கே அவர் செய்தது, நீருக்கடியில் மின்சாரத்தால் வெடிக்கும் கண்ணிகள். அபிமானிகள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். எனக்கு அது முடியவில்லை. கப்பல் எந்த வழியாக வரும் என்று அவரளவுக்கு அறிந்தவர் அந்நாட்டில் வேறு யார் இருந்தார்கள்?