சந்திரசேகர் கட்டுரையில் சந்திரசேகர் எங்கே?



‘நான் போற்றும் அறிவியலாளர்’ என்று தலைப்புக் கொடுத்தால், சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரி, 1930 கப்பல் பயணம், எடிங்டனின் எதிர்ப்பு, 1983 நோபல் பரிசு. கடைசியில் விடாமுயற்சியைப் புகழ்ந்து ஒரு பத்தி. நடையில் பிழை இல்லை. ஆனால் அவர் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள், அந்தக் கடைசிப் பத்தி அப்படியே பொருந்தும். அதுதாங்க குறை.

அவருடைய 1943ஆம் ஆண்டு ஆய்வைப் பலரும் தொடுவதே இல்லை. அதன் பொருள் ‘இயக்க உராய்வு’. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய இரவு, சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் ஒரு நடிகர் நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தாண்டிப் போனவர்களெல்லாம் திரும்பி அவர் பின்னால் சேர்ந்து கையைப் பிடித்து இழுத்தால், வேகம் குறைஞ்சுக்கிட்டே போகும், இல்லையா? விண்மீன்களுக்கு நடுவே கனமான ஒன்று நகரும்போதும் இதேதான். அதன் ஈர்ப்பால் விண்மீன்கள் அதன் பின்னால் திரண்டு, அதையே பின்னுக்கு இழுக்கின்றன.

விண்மீன் மண்டலங்கள் கொத்துக் கொத்தாக இருக்கும் இடத்தில், பெரிய மண்டலங்கள் இப்படி வேகமிழந்து நடுவை நோக்கி இறங்குகின்றன. அங்கே மற்றவற்றோடு கலந்து ராட்சத நீள்வட்ட மண்டலம் வளர்கிறது. ‘சிலந்திவலை’ என்ற மண்டலத்தின் ஒளி நம்மிடம் வர ஏறத்தாழ 1,060 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஹபிள் தொலைநோக்கி எடுத்த படத்தில், சிறு மண்டலங்கள் பல அதனுள் விழுந்துகொண்டிருக்கின்றன. வளர்ந்த நிலையைப் பார்க்க, கன்னிக் கொத்தில் உள்ள எம்87 போதும்.

ஓர் எச்சரிக்கை. நீள்வட்ட மண்டலத்தின் விண்மீன்கள் மிகப் பழையவை என்பதால், மண்டலமும் அன்றே முழுதாக உருவாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். பழைய செங்கல்லில் பிறகு கட்டிய வீடும் உண்டே!

ஆகவே, புகழ்ச்சிப் பத்தியைப் பாதியாகக் குறையுங்கள். மிச்சமாகும் இடத்தில் அவர் கண்டறிந்த ஒன்றை மூன்றே வாக்கியத்தில், சொந்த உவமையோடு விளக்குங்கள். ஆசிரியர்களும் திருத்தும்போது, “இவர் என்ன கண்டுபிடித்தார்?” என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுக்கலாம். அறிஞரைப் போற்றுவது என்றால், அவர் அறிந்ததைக் கொஞ்சமாவது நாமும் அறிவதுதானே?